கட்டினவங்களுக்குத் தெரியணும்

மேல மாடிக்குங்களா போறீங்க, தம்பி? அந்தக் கவுன்சிலிங் வசுமதியம்மாகிட்ட?

கேக்கக் கூடாதுதான். ஆனா தெரிஞ்சுபோச்சுங்க. இந்த பேக்கரிக்கு வந்து, பப்ஸ வாங்கிக் கையில வெச்சுக்கிட்டுத் திங்காம, எதுத்தாப்புல இருக்கற அந்த மாடிப்படியவே பாத்துக்கிட்டு இருக்கறவங்க எல்லாருமே அங்க போறவங்கதான். உங்க கால் வேற ஆடிக்கிட்டே இருக்குது. உக்காருங்க. முன்னாடியே போனாலும் கதவு தொறக்காது. அதுல எல்லாம் அந்தம்மா சுத்தம். சொன்ன நேரத்துக்குக் கூப்புடும், சொன்ன நேரத்துக்கு எந்திரிக்கச் சொல்லும். ஒரு மணி நேரத்துக்குண்டான காசு வாங்கிக்கிட்டு அம்பது நிமிஷம். மீதிப் பத்து நிமிஷம் என்னங்கன்னு ஒருக்கா கேட்டேன். குறிப்பு எழுதறதுக்குன்னு சொல்லுச்சு. எழுதினதக் காட்டுங்கன்னேன். காட்டாதாம்.

ஏனுங்க தங்கவேலு, இங்க தம்பிக்கு ஒரு டீ போடுங்க. என் கணக்குலயே எழுதிக்கங்க.

அட, இருக்கட்டுமுங்க. எனக்கு இங்க கணக்கு இருக்குது. வாராவாரம் சனிக்கிழமை மூணு மூணரைக்கு வந்துருவேன். தங்கவேலு நல்ல மனுசன். மாசக் கடைசியில எவ்வளவு ஆச்சுன்னு கேட்டா, அப்புறம் பாத்துக்கலாமுங்கறார். பில்லு குடுங்கன்னா சிரிக்கறார். சிரிச்சா யாவாரம் ஆகுமா? இவருக்கு பில்லு போடறது எப்படின்னு ஒரு நா உக்காந்து சொல்லிக் குடுக்கோணும்.

அது என் தொழிலுங்க. பேரு நாச்சிமுத்து. ஒரு பெரிய ஆஸ்பத்திரியில பில்லிங்ல இருந்தேன். பேரு வேண்டாம், இப்பவும் வணக்கம் வெச்சா எந்திரிச்சு நிக்கறவங்க அங்க இருக்கறாங்க. கடைசியில சூப்ரவைசரா ரிட்டையர் ஆனேன். எங்க பில்ல நீங்க பாக்கோணும். ஊசிக்கு ஒரு வரி, ஊசி போடற சிரிஞ்சுக்கு ஒரு வரி, தொடைக்கற பஞ்சுக்கு ஒரு வரி. கட்டறவன் எந்த வரியக் கேட்டாலும் விரல வெச்சுக் காட்டோணும், இதுக்குத்தானுங்க இந்தக் காசுன்னு. செத்துப்போனவங்க பில்லயும் அப்படித்தான் போட்டுக் குடுப்பேன். சொந்தக்காரங்க அழுதுக்கிட்டே படிப்பாங்க. படிச்சு முடிச்சா அடங்கீருவாங்க. விவரம் தெரிஞ்சா மனுசன் அடங்கீருவானுங்க. தெரியாட்டித்தான் ஆட்டம்.

இந்தாங்க, இது அந்தம்மா குடுத்த ரசீது. பயப்படாதீங்க, நான் இதப் பர்சுலயே வெச்சிருக்கறேன், யாரு கேட்டாலும் காட்டுவேன். படிங்க. ‘ஆலோசனை அமர்வு, ஐம்பது நிமிடம்.’ அவ்வளவுதான். ஒத்த வரி. மேல பேரு, கீழ காசு. என்ன ஆலோசனை? யாரு யாருக்கு என்ன சொன்னாங்க? புள்ள என்ன சொல்லுச்சு, அதுக்கு இந்தம்மா என்ன சொல்லுச்சு? விவரம் எங்க? இத எங்க ஆஸ்பத்திரியில போட்டிருந்தா என் சட்டையப் புடிச்சிருப்பாங்க.

நான் எனக்காகப் போகலீங்க! நல்லாக் கேட்டீங்க. எனக்கென்ன கேடு? எம்பொண்ணுக்காக. மிருதுளா. ஒத்தப் புள்ள. நல்ல கம்பெனியில வேலை. போன வருஷம் தை மாசம் உப்பு சக்கரை மாத்துனோம். நிச்சயத்த எங்க பக்கம் அப்படிச் சொல்றதுங்க. பையன் திருப்பூரு, சொந்தத்துல பனியன் கம்பெனி. வைகாசியில கல்யாணம். மண்டபம் புடிச்சு, சமையலுக்குச் சொல்லி, பத்திரிகையும் அடிச்சாச்சு. சித்திரையில வந்து, எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்னுட்டா. தலையும் இல்ல வாலும் இல்ல. வேண்டாம், அவ்வளவுதான்.

ஒறம்பரைக, சொந்தக்காரங்க முகத்துல எப்படி முழிக்கறது? நான் தெனமும் கத்தினேன். கத்தாம கொஞ்சுவாங்களா? அவ ரூமுக்குள்ள போய்த் தாப்பாப் போட்டுக்குவா. சோறு எறங்கல, தூக்கம் இல்ல, வேலைக்கும் சரியாப் போறதில்ல. எங்கூட்டம்மா தெய்வானை யாரையோ விசாரிச்சு இந்தம்மா பேரப் புடிச்சுக்கிட்டு வந்துச்சு. சரி, செலவானா ஆகட்டும், புள்ள தெளிஞ்சு கல்யாணத்துக்குச் சரின்னாப் போதும்னு நானே கூட்டியாந்தேன். காசு நானே கட்டறேன்னு சொன்னேன்.

மொத நாளே அந்தம்மா ரெண்டு தாளக் குடுத்துச்சுங்க. உங்களுக்கும் குடுக்கும், வாங்கிப் படிங்க. வர முடியலைன்னா மொத நாளே சொல்லோணும், சொல்லாட்டி வராத நாளுக்கும் முழுக் காசு. லேட்டா வந்தா லேட்டுதான், நேரம் நீட்ட மாட்டாங்க. கட்டணத்த ஒசத்தறதா இருந்தா முன்கூட்டியே சொல்லுவாங்க. எல்லாத்தையும் படிச்சேன், பில்லிங்காரனாச்சே. நல்லாத்தான் எழுதியிருக்காங்கன்னு தெய்வானைகிட்டயும் சொன்னேன். அடுத்த தாளுல ‘உங்கள் உரிமைகள்’னு தலைப்புப் போட்டு என்னமோ இருந்துச்சு. அதப் படிக்கல. காசுக் கணக்கு எதுவும் அதுல இருக்காது, எதுக்குப் படிக்கறதுன்னு கையெழுத்துப் போட்டுட்டேன்.

அங்கதான் வெச்சிருக்குது ஆப்பு. சின்ன எழுத்துன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். பெருசாத்தான் போட்டிருக்குது. ‘கட்டணத்தை வேறொருவர் செலுத்தினாலும், பேசப்படுவது பேசுபவருக்கே உரியது. அவர் அனுமதியின்றி எவரிடமும் சொல்லப்படாது.’ பாத்தீங்களா? எவரிடமும்னா யாரு? நாந்தான். என்னை மனசுல வெச்சுத்தான் எழுதியிருக்குது.

ரெண்டு மாசம் பொறுத்தேன். புள்ள முகத்துல கொஞ்சம் தெளிவு வந்துச்சு, அது வாஸ்தவம். சாப்புட்டா. தங்கச்சிகளோட, சித்தப்பம் புள்ளைகங்க, ஃபோன்ல சிரிச்சுப் பேசினா. ஆனா எங்கிட்டப் பேச்சுக் கொறஞ்சுபோச்சு. முன்ன எல்லாம் நான் கத்தினா அழுவா, நானும் அடங்கீருவேன். இப்ப அழுகறதில்ல. ‘அப்பா, சத்தம் போடாம பேசறதா இருந்தா நான் இங்க உக்காந்திருக்கறேன். இல்லாட்டி அப்புறம் வர்றேன்’னு சொல்லீட்டு எந்திரிச்சுப் போறா. எங்கூட்ல யாரும் அப்படிப் பேசி நீங்க கேட்டிருக்க மாட்டீங்க. எங்க கத்துக்கிட்டான்னு புரிஞ்சுபோச்சு. எங்காசுலயே எனக்கு ஆப்பு வெக்கறா!

நேரா மேல போனேன். அந்தம்மா நின்னுக்கிட்டே பேசுச்சு. என்னம்மா சொல்றா எம்பொண்ணுன்னேன். ‘இங்க யார் வர்றாங்க, என்ன பேசறாங்கன்னு நான் யார்கிட்டயும் சொல்றதில்ல சார்’னு சொல்லுச்சு. நான் யாரோவா? நான் அப்பன். வாராவாரம் காசு கட்டறேன். காசு கட்டினவங்களுக்குத் தெரியணுமா வேண்டாமான்னு கேட்டேன். ‘என்ன செலவாகுதுன்னு உங்களுக்குத் தெரியணும் சார். அது ரசீதுல இருக்கு. என்ன பேசறாங்கங்கறது பேசறவங்களோடது. அவங்களே உங்ககிட்ட சொல்லலாம், கேட்டுப் பாருங்க’ன்னுச்சு.

கேட்டுப் பாருங்களாம்! கேட்டா சொல்றவளா இருந்தா நான் எதுக்குங்க காசு கட்டி இங்க கூட்டியாந்தேன்?

அன்னிக்கு முடிவு பண்ணினேன், இந்தம்மாள விடறதில்லைன்னு.

மொதல்ல காச நிறுத்தினேன். காசு இல்லாட்டி கதவு சாத்தீரும்னு எனக்குத் தெரியாதா, எத்தன டிஸ்சார்ஜப் பாத்திருக்கறேன். சாத்தல. ரெண்டு வாரம் கழிச்சு ஃபோன் பண்ணி, பாக்கி எவ்வளவு நிக்குதுன்னு கெத்தாக் கேட்டேன். ‘உங்க பேர்ல பாக்கி எதுவும் இல்லை சார்’னு வெச்சிருச்சு. அப்புறந்தான் தெய்வானை சொல்லித் தெரியுது, மிருதுளா சம்பளத்துக்குத் தக்கன அந்தம்மா காசக் கொறச்சு வாங்கிக்கிச்சாமா. கொறைக்க முடியற காச எங்கிட்ட எதுக்கு முழுசா வாங்கினே? இதக் கேப்பாரில்லையா?

அடுத்தது, வர்ற நாளையே கேன்சல் பண்ணிப்போடலாம்னு பாத்தேன். தெய்வானையக் கூப்புட்டு, மிருது மாதிரியே கொரல வெச்சுக்கிட்டு, நாளைக்கு வரலைன்னு சொல்லுன்னு ஃபோனப் போட்டுக் குடுத்தேன். எங்கூட்டம்மா வாங்கிக் காதுல வெச்சு, ‘வணக்கமுங்க, நான் மிருதுளாவோட அம்மா பேசறனுங்க’ன்னு ஆரம்பிச்சிருச்சு. தலையில அடிச்சுக்கிட்டேன். அதுக்கப்புறம் ரெண்டு பேரும் என்னமோ பேசினாங்க, தெய்வானை முந்தானையில கண்ணத் தொடைச்சுக்கிச்சு. என்ன சொல்லுச்சுன்னு கேட்டா, ‘யாரப் பத்தியும் ஒண்ணும் சொல்லல. நீங்க நல்லா இருக்கீங்களாம்மான்னு கேட்டுச்சு’ங்குது. அழுகறதுக்கு அதுல என்னங்க இருக்குது?

அந்த மாசமே புள்ள பெட்டியத் தூக்கீட்டு பீளமேட்டுல லேடீஸ் ஹாஸ்டலுக்குப் போயிட்டா.

இல்லீங்க, அந்தம்மா சொல்லித்தான் போனா. வேற காரணமே இல்ல. நான் ஒண்ணும் கைநீட்டி அடிக்கல, வெளிய போன்னும் சொல்லல. ஒரே ஒரு தாளு குடுத்தேன். அதுவும் ஞாயமான தாளு.

அது என்னன்னா, கல்யாணம் நின்னதுல ஆன நட்டம் எவ்வளவுன்னு அவளுக்குத் தெரியோணுமில்லீங்களா? சும்மா வாயில லச்சம் லச்சம்னு கத்தினா யாருக்கு என்ன புரியும்? அதனால உக்காந்து ஒரு பில்லு போட்டேன். எங்க ஆஸ்பத்திரி ஃபார்மட்லயே. மண்டப அட்வான்ஸ், சமையல் அட்வான்ஸ், பட்டுச் சீலை, ரவிக்கைத் தையக்கூலி, பத்திரிகை, மோதிரம் செய்கூலி சேதாரம், ஒறம்பரைகளுக்கு வேன் வாடகை. வரி வரியா. பேருங்கற எடத்துல அவ பேரு. கீழ பத்து சதவீதம் கன்செஷனும் போட்டேன், மகளாச்சேன்னு. கன்செஷன் போடோணும்னு எனக்கு என்னங்க தலையெழுத்தா? அந்தத் தாள சாப்பாட்டு மேசையில வெச்சேன். விவரம் தெரிஞ்சா அடங்கீருவான்னுதான் வெச்சேன்.

ரொம்ப நேரம் படிச்சா. கன்செஷன்ங்கற வரியில விரல வெச்சுக்கிட்டு என்னை ஏறிட்டுப் பாத்தா. ‘சரிங்கப்பா’ன்னா. அவ்வளவுதான். வழக்கமா ‘சரிப்பா’ன்னுதான் சொல்லுவா, அந்த ‘ங்க’ போட மாட்டா.

இப்ப மாசாமாசம் ஒண்ணாந்தேதி ஃபோன்லயே பணம் போடறா. ‘அனுப்பியாச்சு’ன்னு ஒரு வார்த்தை வரும். நான் ‘வந்தது’ன்னு போடுவேன். அப்பனும் மகளும் பேசிக்கறது அவ்வளவுதானுங்க. நான் வேண்டாம்னு சொல்லியிருக்கலாம், நீங்க நினைக்கறது தெரியுது. சொல்லலாம்னு பல தடவ எடுத்தேன். வேண்டாம்னு போட்டா அந்த ஒத்த வார்த்தையும் நின்னுபோகுமில்லீங்களா? எங்க தொழில்ல பாக்கி இருக்கற வரைக்குந்தான் ஆளு வரும். பைசல் ஆயிட்டா அந்தத் தெருப்பக்கமே திரும்ப மாட்டாங்க. வர்ற ஒண்ணாந்தேதியோட அவளுக்குப் பைசலாகுது.

அது கெடக்கட்டும். நான் அந்தம்மா கதையச் சொல்லிக்கிட்டிருந்தேன்.

இன்டர்நெட்டுல எழுதினேனுங்க. ஒத்த ஸ்டாருப் போட்டு, குடும்பத்தப் பிரிக்கற எடம், ஒரு வரியில ரசீது, யாரும் போகாதீங்கன்னு நல்லா நாக்கப் புடுங்கறாப்புல எழுதினேன். சண்டைக்கு வரும், கோர்ட்டுக்கு இழுக்கும்னு பாத்தா, அடியில ரெண்டு வரி போட்டுச்சு. ‘எங்களிடம் யார் வருகிறார்கள், யார் வரவில்லை என்பதை எங்களால் உறுதி செய்யவோ மறுக்கவோ இயலாது. உங்கள் வருத்தத்தைப் பதிவு செய்ததற்கு நன்றி.’

எனக்கு எங்கிருந்துதான் அப்படிக் கோவம் வந்துச்சோ! ஏனுங்க, மாசக்கணக்கா வந்து அந்தச் சோபாவுல உக்காந்திருந்திருக்கறேன், அந்தம்மா கையால ரசீது வாங்கியிருக்கறேன், என்னைத் தெரியும்னும் சொல்லாதாம், தெரியாதுன்னும் சொல்லாதாம்! அத்தன ரசீதையும் எடுத்துக்கிட்டு மேல போய் மேசையில பரப்பினேன். இது யாரு கையெழுத்து, இது யாரு கையெழுத்துன்னு கத்தினேன். அங்க உக்காந்திருந்த ஒரு பையன் எந்திரிச்சுப் போயிட்டான். அந்தம்மா ஒவ்வொண்ணா அடுக்கி என் கையிலயே குடுத்துச்சு. ‘இதையெல்லாம் பத்திரமா வெச்சுக்கங்க சார். இப்படி நாலு பேர் முன்னால காட்டாதீங்க. இதுல இன்னொருத்தர் பேரும் இருக்கு’ன்னுச்சு. அவமானமாப் போச்சுங்க.

நுகர்வோர் கோர்ட்டுலயும் பாத்தாச்சு. வக்கீல்கிட்ட எல்லாத்தையும் விவரமாச் சொன்னேன். மூக்குக் கண்ணாடியக் கழட்டி வெச்சுட்டு, ‘நுகர்வோர் யாருங்க? நீங்களா, உங்க பொண்ணா?’ன்னாரு. காசு கட்டினது நானுங்கன்னேன். ‘அது சரி, பேசினது யாரு?’ன்னாரு. அவளுக்கு ஏதாச்சும் கொறை இருந்தா அவ கையெழுத்தோட வாங்க, பாக்கலாம்னு அனுப்பீட்டாரு. எல்லாரும் ஒரே பாட்டு.

அதனாலதான் இங்க வந்து உக்காந்துட்டேன். இது என்னோட சொந்தக் கோர்ட்டு. சனிக்கிழமை சனிக்கிழமை வர்றவங்களப் புடிச்சு இந்த ரசீதக் காட்டுவேன். பல பேரு திரும்பிப் போயிருக்காங்க, தெரியுமுங்களா? ஒரு அம்மா, பாவம், கண்ணு செவந்து, கையில கர்ச்சீப்போட நின்னுச்சு. அதுகிட்ட அரை மணி நேரம் பேசினேன். பேசாம பஸ் ஸ்டாப்புக்குப் போயிருச்சு. அப்ப எனக்கு இருந்த சந்தோசத்தச் சொல்ல முடியாதுங்க, ராத்திரி சோறு கூட ரெண்டு வாய் அதிகமாவே எறங்குச்சு. அடுத்த வாரம் அதே அம்மா வந்து, எனக்கொரு கும்பிடு போட்டுட்டு விறுவிறுன்னு மேல ஏறிப் போகுது. என்ன மருந்து வெச்சிருக்குதோ அந்த வசுமதி.

ஒருக்கா அந்தம்மாவே எறங்கி வந்துச்சுங்க, இதே மேசைக்கு. அடி விழுகப் போகுதுன்னு நானும் சட்டைக் கைய மடிச்சு விட்டுட்டேன். ‘சார், நீங்க ரொம்ப நாளா இங்க வந்து உக்காந்திருக்கீங்க. உங்களுக்கு யார்கிட்டயாவது பேசணும்னு தோணினா, என்கிட்ட வேண்டாம், அது சரியா வராது. வேற நல்லவர் ஒருத்தர் இருக்கார், பேரு தரட்டுமா?’ன்னுச்சு. எப்படி இருக்குது பாருங்க! எங்க ஆஸ்பத்திரியில ஸ்கேனுக்கு அனுப்பற டாக்டருகளுக்குக் கவருப் போகும், எனக்குத் தெரியாததா? கமிஷன் எவ்வளவுங்கம்மான்னு கேட்டேன். கோவிச்சுக்கல. சீட்டுல பேர எழுதி டீ டம்ளருக்கு அடியில வெச்சுட்டுப் போயிருச்சு.

கிழிக்கலீங்க. இதோ பர்சுல ரசீதுகளோடதான் கெடக்குது. சாட்சிக்கு ஆகுமேன்னு வெச்சிருக்கறேன்.

என்னங்க கேட்டீங்க? அவ ஏன் வேண்டாம்னாளா?

அது ஒண்ணும் பெருசில்லீங்க. அப்புறம் தெய்வானை சொல்லுச்சு. அந்தப் பையன் மாலுக்குக் கூட்டிட்டுப் போனானாம். இவ ஆபீசுல யார்கூடயோ ஃபோன்ல சிரிச்சுப் பேசினாளாம். யாருடீன்னு கையப் புடிச்சு முறுக்கீட்டானாம். கண்ணாடி வளையலு, ஒடஞ்சு கிழிச்சிருச்சு. சின்னஞ்சிறுசுக, வெளையாட்டுக்குப் புடிச்சிருப்பான்.

எங்கிட்டயும் சொல்லத்தான் வந்தா. ஒரு நா சாயங்காலம், பொழுதோட. நான் மண்டபக்காரனோட ஃபோன்ல இருந்தேன், பந்திக்கு எத்தன எலைன்னு பேச்சு. ‘அப்பா’ன்னு வந்து நின்னா. மணிக்கட்டுல துணி சுத்தியிருந்துச்சு. சமையக்கட்டுல சுட்டுக்கிட்டான்னு நினைச்சேன். இருன்னு கையக் காட்டினேன். செத்த நேரம் நின்னா. ‘அப்புறம் சொல்லு அம்மிணி’ன்னேன். அப்புறம் அவ சொல்லவே இல்ல.

அதத்தானுங்க நானும் கேக்கறேன். எங்கிட்டச் சும்மா சொல்ல வந்தத, அந்தம்மாகிட்டக் காசு குடுத்துச் சொல்றாளே, இது என்ன ஞாயம்? எங்கிட்டச் சொல்லியிருந்தா ஒத்தப் பைசா செலவில்ல. இன்னொருக்கா வந்து கூப்பிட்டிருக்கலாமில்ல? நான் என்ன, நாள்பூராவுமா ஃபோன்ல இருந்தேன்?

என்ன, டீயக் குடிக்காம என்னையே பாக்கறீங்க. ஆறிப்போச்சு பாருங்க.

ஷ்… தம்பி, திரும்பாதீங்க. மேல கதவு தொறந்துச்சு. அவதான். உங்களுக்கு முந்தின நேரம் அவளோடதுங்க. ஆமா, அதுக்குத்தான் நான் சனிக்கிழமை வர்றது… இல்ல, அதுக்குன்னு இல்ல, ஞாயித்துக்கிழமை அந்தம்மா லீவு, மத்த நாள்ல எனக்கு வேலை இருக்குது. செத்த இக்கட்ட, என் பக்கமாச் சாஞ்சு உக்காருங்க. உங்களுக்கு நல்ல அகலமான முதுகு. இந்தப் பப்ஸுக் கண்ணாடிப் பொட்டியும் நீங்களும் இருந்தா நான் தெரிய மாட்டேன். வழக்கமா பொட்டி மட்டுந்தான்.

மெதுவா ஓரக்கண்ணால பாத்துச் சொல்லுங்க. மஞ்சச் சுடிதாரா? எளைச்சிருக்காளா? நீங்க முன்னப்பின்ன பாத்ததில்ல, உங்களைப் போய்க் கேக்கறேன் பாருங்க. அழுத மொகமா இருக்குதா? இல்லையா? நல்லாப் பாருங்க. சிரிச்சாப்புலயா… சரி. சரி. கையில வளையல் போட்டிருக்காளா? வாட்சு மட்டுமா. சரி.

வண்டி அக்கட்ட, வேப்ப மரத்தடியிலதான் நிறுத்துவா. எடுத்துட்டாளா? ரோட்டத் தாண்டறாளா? இங்க எதுக்குங்க வர்றா? தம்பி, அசையாதீங்க. கும்பிட்டுக் கேட்டுக்கறேன், அசையாதீங்க.

…

போயிட்டாளா?

இக்கட்டப் பாத்தாளா? பாத்தாளா, பாக்கலையா, சரியாச் சொல்லுங்க. உங்க முதுகப் பாத்துச் சிரிச்சாளா? முதுகப் பாத்து எதுக்கு… என்ன வாங்கினா? ஒண்ணும் வாங்கலையா? காசு குடுத்தா, பண்டம் வாங்கலையா?

ஏனுங்க தங்கவேலு, அந்தப் புள்ள எதுக்குங்க காசு குடுத்துச்சு?

என்னங்க தலையச் சொறியறீங்க? என் கணக்கா? என்னோட எந்தக் கணக்கு? இன்னிக்கு டீயா? இந்தத் தம்பியோட டீயும் சேத்தா?

எந்த மாசத்துலிருந்து?

எல்லா மாசமுமா?

அப்புறம் ஏய்யா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல? இத்தன நாளா உன் கடையிலயே உக்காந்து பேசிக்கிட்டிருக்கறேனே! என்னது? ‘சொல்லக் கூடாதுன்னு அது கேட்டுக்கிச்சு, அதனால சொல்லலீங்க’ளா? நீயுமாய்யா? எதுத்த மாடியில இருக்கற வியாதி ரோட்டத் தாண்டி உனக்கும் தொத்திக்கிச்சா?

முப்பது வருஷத்துக்கு மேல பில்லு போட்டவன் நான், தம்பி. இங்க டீ குடிச்சேன், பன்னுத் தின்னேன், ஒருக்காகூட இந்தாளு எங்கிட்டக் கை நீட்டல, அது எனக்கு உறைக்கலை பாருங்க.

இது அந்தத் தாள்ல இல்லாத செலவுங்க. நான் போட்ட பில்லுல இந்த வரியே இல்ல.

எந்திரிங்க தம்பி, உங்க நேரமாச்சு. இல்ல, போங்க. போகாதீங்கன்னு சொல்றதுக்கு இன்னிக்குத் தெம்பு இல்ல. அந்தம்மாள நான் விட்டுட்டேன்னு மட்டும் நினைச்சுக்காதீங்க, அடுத்த வாரம் யாராச்சும் வருவாங்க, பாத்துக்கறேன். படி செங்குத்து, புடிச்சு ஏறுங்க. லேட்டாப் போனீங்கன்னா அதுக்கும் சேத்துத்தான் காசு. மேல போய் என்னைப் பத்திச் சொல்லுவீங்களா? சொல்லிக்கங்க. எதச் சொன்னாலும் வெளிய போகாது. அதுல மட்டும் அந்தம்மா கெட்டிங்க.

கட்டினவங்களுக்குத் தெரியணும்னு ஊர்பூரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். அப்ப, இத்தன சனிக்கிழமையும் நான் இங்க உக்காந்து என்ன பேசினேன்னு கேக்கறதுக்கு அவளுக்குப் பாத்தியதை இருக்குதுங்களே. காசு அவளோடதுதான?

ஏனுங்க தங்கவேலு. கோவிச்சுக்காதீங்க. ஒண்ணே ஒண்ணு. நான் என்ன பேசறேன், யாரப் பத்திப் பேசறேன்னு அவ என்னைக்காச்சும் கேட்டாளா?

கேக்கலையா.

ஒருக்காகூடவா?

சரி. வர்ற சனிக்கிழமை கேட்டாச் சொல்லுங்க. மண்டபக்காரன், துணி சுத்துன கை, எல்லாத்தையும் சொல்லுங்க. ஒண்ணையும் மறைக்க வேண்டாம். என் அனுமதி இருக்குதுன்னு சொல்லுங்க.